பதினெட்டு வயதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்: சத்ரியாவா, சிரோக்கோவா, மைவியா?

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து, ஈப்போ பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, புது ஓட்டுநருக்கான பி லைசென்சும் கைக்கு வந்துவிட்டால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் எந்த வீட்டிலும் அடுத்த பேச்சு கார்தான். அப்பா பெரோடுவா மைவி என்பார், பிள்ளை புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. என்பான், அம்மா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் மட்டும் வேண்டாம், மற்றபடி எதுவானாலும் சரி என்பார். டவுனில் சாலை வரி, காப்புறுதி புதுப்பித்துக் கொடுக்கும் கடையில் நான் உட்கார்ந்திருப்பதால் இந்தச் சண்டையின் இரண்டாம் பாகம் என் மேசைக்கு முன்னால்தான் நடக்கும். முன்பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் வந்து, "அக்கா, சிரோக்கோவுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்?" என்று கேட்பவர்களும் உண்டு. பெண் பிள்ளைகளும் இப்போது இதே கேள்வியோடு வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம், அதைத் திட்டிப் புண்ணியமில்லை. ஆனால் எந்தக் கார் என்பதை, வாங்கிய மறுநாள் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். 25,000 வெள்ளி (ரிங்கிட்) வைத்திருப்பவர் 25,000 வெள்ளிக்கே கார் வாங்கினால் டயருக்கும் பிரேக்குக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் காசு இருக்காது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்ததும் முதலில் கேட்பதோ அதைத்தான். கீழே ஒவ்வொரு காரையும் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன், குதிரைத்திறன் கணக்கில் இல்லை.

முதலில் ரோடு. இங்கிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர், பழைய ஒன்றாம் நம்பர் கூட்டரசுச் சாலை, காந்தான் பக்கம் சிமெண்ட் லோரி, செம்மோர் பக்கம் காலையில் பள்ளி நெரிசல், மாலை ஆனால் மழை. தோட்டத்துப் பக்கம் வீடு இருந்தால் அதோடு இன்னும் கொஞ்சம் உள்சாலை சேரும். செம்பனை லோரி போன வழியில் குலை விழுந்து கிடக்கும், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளை எடை, இரவில் கறுப்பாக ரோட்டோடு ரோடாகத் தெரியும். சாதாரணக் கார் அதன் மேல் ஏறினாலே சேதம்தான், சஸ்பென்ஷனை அறுத்து இறக்கிய காராக இருந்தால் அடியில் உள்ள எஞ்சின் எண்ணெய்த் தொட்டியே போய்விடும். தாமான் (குடியிருப்பு) வாசல் மேடுகளில் முன் பம்பரைச் சாய்த்துச் சாய்த்து ஏற்றுகிற கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இறக்கிய கார் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அழகு காரணமில்லை, இந்த ரோடுதான் காரணம்.

சாலை வரியில் பெரிய பயம் தேவையில்லை. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,600 சி.சி. வரை வருஷத்துக்கு 90 வெள்ளிக்கு மேல் போகாது. அதைத் தாண்டினால்தான் ஏறும்: ஜி.டி.ஐ.யின் 1,834 சி.சி.க்கு 297 வெள்ளி, டொயோட்டா 86 மாதிரி 1,998 சி.சி. என்றால் 379 வெள்ளி. பையன்கள் இந்தக் கணக்கை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஏனென்றால் அதில் அவர்கள் ஜெயிப்பார்கள். சிரோக்கோ 1.4-க்கு வெறும் 70 வெள்ளிதான் அக்கா, விவாவை விடக் கொஞ்சம்தான் கூட என்பான். உண்மைதான். ஆனால் செலவு அந்தக் கணக்கில் இல்லையே தம்பி.

காப்புறுதிக்கு வருவோம், இங்கேதான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். அப்பாவிடம் 55 விழுக்காடு என்.சி.டி. (இழப்பீடு கேட்காதவருக்குக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகை) இருக்கிறது, அவர் பெயரிலேயே வாங்கினால் மலிவாக வரும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த 55 விழுக்காடு அவருடைய இப்போதைய காருக்கு ஒட்டிக்கொண்டிருப்பது. அந்தக் காரை விற்று மாற்றினால் ஒழிய, இரண்டாவது கார் அவர் பெயரிலேயே இருந்தாலும் பூஜ்யத்தில்தான் தொடங்கும். பிள்ளை பெயரில் போட்டால் அதே பூஜ்யம், ஆனால் வருஷா வருஷம் 25, 30, 38.33, 45, 55 என்று ஏறும் சலுகை பிள்ளைக்குச் சேரும். 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றாகிவிட்டதால் ஓட்டுநர் வயது, கார் வகை எல்லாம் பார்த்து ஆளாளுக்கு ஒரு விலை சொல்வார்கள். மூன்று இடத்தில் கேளுங்கள், என் கடையில் மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று: 21 வயதுக்குக் கீழே இருந்தாலோ, பி லைசென்ஸ் வைத்திருந்தாலோ, சொந்தக் காரின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்துதான். பாலிசியில் பெயர் எழுதிவிட்டால் அது போய்விடும் என்று நினைக்கிறார்கள், போகாது. பெயர் எழுதுவது நல்லதுதான், ஆனால் வயதை அது மாற்றாது.

இப்போது ஜி.டி.ஐ. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப்பேர் மனதில் இருப்பது இதுதான். 1998-இல் வந்தது, 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93 எஞ்சின், ஏறக்குறைய 140 குதிரைத்திறன், ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை, லோட்டஸ் கைவைத்த சஸ்பென்ஷன், ரெக்காரோ இருக்கை. அந்தக் காலத்துக்கு அசல் சாமான். இன்றைக்கும் ஓட்டினால் ஸ்டியரிங்கில் ஒரு உயிர் இருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. பிரச்சினை என்னவென்றால் அது சேகரிப்பவர்கள் தேடுகிற காராக மாறிவிட்டது. நல்ல நிலையில் உள்ளதை வைத்திருப்பவர் விற்க மாட்டார், விற்றாலும் அவர் சொல்லும் விலை உங்கள் மொத்தப் பணத்தையும் விழுங்கும். காப்புறுதி நிறுவனமோ அதைப் பழைய புரோட்டோனாகத்தான் பார்க்கும். பதினைந்து வயதைத் தாண்டிய கார் என்றால் பல நிறுவனங்கள் முழுக் காப்புறுதியே தருவதில்லை, மூன்றாம் தரப்பு மட்டும் என்பார்கள், தந்தாலும் நீங்கள் கொடுத்த விலைக்கு எங்கேயோ கீழேதான் மதிப்புப் போடுவார்கள். ஆக, காணாமல் போனால் போனதுதான்.

சந்தையில் இருக்கும் ஜி.டி.ஐ.க்களில் எத்தனை உண்மையான ஜி.டி.ஐ. என்பது அடுத்த கேள்வி. சாதாரண 1.3, 1.6 சத்ரியாவை வாங்கி, ஹாஃப்கட் எஞ்சினை (பாதியாக வெட்டிய பழைய காரிலிருந்து எடுத்தது) இறக்கி, பம்பரும் ஸ்டிக்கரும் மாட்டி நிறுத்தியிருப்பார்கள். கெரானை, அதாவது காரின் உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்கி எஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள்: அசலில் 1,834 என்று இருக்கும். அப்புறம் கெரானில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் காரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் லைட் அடித்து நீங்களே பாருங்கள், விற்பவர் "எல்லாம் ஓகே பாஸ்" என்றால் போதாது. எஞ்சின் மாற்றி ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியாமல் விட்ட கார் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் சிக்கும், அதைவிட மோசம், விபத்து நடந்த பிறகு காப்புறுதி நிறுவனத்தின் கண்ணில் சிக்கும்.

கியர் பெட்டியையும் கவனியுங்கள். எஞ்சின் சூடானதும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று பல் கடித்தால், முன்னால் வைத்திருந்தவர் எப்படி ஓட்டினார் என்று கார் சொல்லிவிட்டது. இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு, கடைசியாக எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், மேல் எஞ்சின் பிரிக்க வேண்டியதுதான்.

முதல் காராக ஜி.டி.ஐ. வேண்டாம் என்பது என் தீர்ப்பு. இருபத்தைந்து வயதில், ஓடுவதற்கு வேறு ஒரு கார் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைக் காராக வாங்குங்கள், நானே பாராட்டுவேன்.

ஃபோல்க்ஸ்வாகன் சிரோக்கோ வேறு வகை ஆபத்து. பார்த்தால் புதுக் கார் மாதிரி இருக்கும், இரண்டு கதவு, அகலமான பின்பக்கம், கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள். புதிதில் கோடீஸ்வரர் விலை, இப்போது நல்ல மைவி விலைக்கே கிடைக்கிறது என்றால் ஏன் என்று யோசிக்க வேண்டாமா? 1.4 மாடலில் உள்ள ஏழு வேக உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. ஆட்டோ கியர் பெட்டியும் அதை இயக்கும் மெக்காட்ரானிக் பகுதியும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவை, நல்ல பெயர் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலும் வெயிலும் அதற்கு ஆகாது. பழுதானால் பில் ஆயிரக்கணக்கில் வரும், அதுவும் சுங்கை சிப்புட்டில் பார்க்க முடியாது, ஈப்போவில் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், கார் டோவ் லோரியில் ஏறும். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த வரிசையில் உடல் பலமும், வழுக்கும்போது காரைப் பிடித்து நிறுத்தும் இ.எஸ்.சி.யும் உள்ள கார்களில் இதுவும் ஒன்று. பட்டறைச் செலவுக்குத் தனியாக ஒரு பெரிய தொகை ஒதுக்க முடிந்த வீடு என்றால் பேசலாம். அப்படிப்பட்ட வீட்டார் பழைய சிரோக்கோவுக்கு வரமாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

டொயோட்டா 86, சிவிக் டைப் ஆர், ரீகான் (வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான) மாஸ்டா இதெல்லாம் பதினெட்டு வயதுக்காரன் கைபேசியில் பார்த்து ரசிக்க நன்றாக இருக்கும், விலையைக் கேட்டால் அதோடு சரி. 86-இல் எஞ்சின் பலம் பின் சக்கரத்துக்குப் போகும், 200 குதிரைத்திறன், நனைந்த ரோட்டில் அதைக் கற்றுக்கொள்ளும் இடம் ஒன்றாம் நம்பர் சாலை இல்லை.

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பழைய மாடல், 1.6, ஐந்து வேக மேனுவல், 125 குதிரைத்திறன். எனக்குப் பிடித்த கார். எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, சாலை வரி 90 வெள்ளி, நாலு கதவு என்பதால் பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம். வேகமாகப் போகாமலேயே வேகமாகப் போகிற உணர்வைத் தரும், இளம் பிள்ளைக்கு அதுதானே வேண்டும். குறை என்னவென்றால் எண்ணிக்கை குறைவு, சாமான் புரோட்டோன் மாதிரி தெருவுக்குத் தெரு கிடைக்காது, உடம்பு தட்டினால் பம்பருக்கும் விளக்குக்கும் கெடாய் போத்தோங்கில் (பழைய கார்ச் சாமான் கடை) காத்திருக்க வேண்டும். ஒரிஜினலாக, ஒரே கையில் இருந்த கார் வந்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். வரும்வரை காத்திருக்கப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறதா என்பது தனி விஷயம்.

சத்ரியா நியோ சி.பி.எஸ். மேனுவல்தான் காசுக் கணக்கில் முன்னால் நிற்கிறது. நியோ 2006-இல் வந்தது, சி.பி.எஸ். எஞ்சின் 2009-இல், இதுவும் 125 குதிரைத்திறன்தான். 2011-இல் ஆசிய பசிபிக் ரேலிப் பட்டத்தை அலிஸ்டர் மெக்ரே ஜெயித்தது நியோ எஸ்2000-இல், அந்தக் காருக்கும் நம் தாமானில் நிற்கிற காருக்கும் பெயரைத் தவிரச் சொந்தம் குறைவு, ஆனாலும் பையன்கள் சொல்லிக்கொள்ள ஒரு கதை இருக்கிறதே. 15,000 வெள்ளியைச் சுற்றி ஒன்றைப் பிடித்துவிட்டால் 25,000-இல் இன்னும் 10,000 மிச்சம். அந்தப் பணத்தில் நாலு நல்ல டயர், பிரேக் டிஸ்கும் பட்டையும், டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், கிளட்ச், அப்சார்பர் எல்லாம் மாற்றி, முதல் வருஷக் காப்புறுதியும் கட்டி, ஒரு பங்கை அப்படியே வங்கியில் விடலாம். எந்த வொர்க்‌ஷாப்பிலும் பார்ப்பார்கள், சாமான் விலை கையைக் கடிக்காது. மூன்று கதவு, பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: நண்பர்கள் நாலு பேரை அடைத்துக்கொண்டு பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கும் திருவிழாவுக்கும் ஓட்ட முடியாது. இளம் ஓட்டுநருக்குப் பக்கத்தில் கூட்டம் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் வந்த விஷயம்.

நியோவின் உண்மையான குறை இ.எஸ்.சி. இல்லாதது. மழையில், காந்தான் வளைவில், முன்னால் போன லோரி திடீரென்று பிரேக் போட, நீங்கள் பதறி ஸ்டியரிங்கை ஒடித்தால் காரின் பின்பக்கம் தனியாகக் கிளம்பும். அனுபவசாலி ஒருவேளை சமாளிப்பார், பி லைசென்ஸ்காரர் சமாளிக்க மாட்டார். இ.எஸ்.சி. உள்ள காரில் கணினியே தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு நேராக்கப் பார்க்கும். விபத்துப் பரிசோதனை நடத்தும் அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு, இளம் ஓட்டுநர்களுக்குக் கார் பரிந்துரைக்கும்போது அதிகக் குதிரைத்திறன் வேண்டாம், மிகச் சிறிய கார் வேண்டாம், இ.எஸ்.சி. கட்டாயம் என்கிறது. நம் பட்டியலில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் தோற்கும்.

அதனால்தான் அப்பா சொல்லும் மைவிக்கு நான் திரும்பத் திரும்ப வருகிறேன். எல்லா மைவியும் இல்லை, 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை. அடிப்படை மாடலிலேயே இ.எஸ்.சி.யும் நாலு காற்றுப்பையும் போட்டார்கள், ஆசியான் என்காப் விபத்துப் பரிசோதனையில் ஐந்து நட்சத்திரம். 1.3-இல் மேனுவல்கூட வந்தது, தேடினால் கிடைக்கும். 25,000 வெள்ளிக்குள் வராது, கடன் போட வேண்டியிருக்கும், பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் கடன் அப்பா பெயரில்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதற்குமுன் வந்த 1.5 எஸ்.இ. மேனுவல்தான் ஓட்ட ஜாலி என்பார்கள், அதுவும் உண்மை. நூறு குதிரைத்திறனைச் சற்றுத் தாண்டிய எஞ்சின், ஒரு டன் கூட இல்லாத உடம்பு, லேசாகப் பறக்கும். ஆனால் அந்த எஸ்.இ.யில் இ.எஸ்.சி. இல்லை, அப்படியென்றால் விலை குறைந்த நியோவே போதுமே.

லைசென்ஸ் விஷயம் ஒன்று. டி.ஏ. லைசென்ஸ் எடுத்த பிள்ளை ஆட்டோ கியர் கார் மட்டும்தான் ஓட்டலாம். ஜி.டி.ஐ., ஸ்விஃப்ட் ஸ்போர்ட், நியோ மேனுவல் எதுவும் அவர்களுக்கு இல்லை, ஓட்டி மாட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு, காப்புறுதியும் கைவிரிக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையின் லைசென்ஸை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

பெட்ரோல் அடிப்பதில் பெரிய வித்தியாசம் வராது, ஒன்றைத் தவிர. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய மானியத் திட்டம், லிட்டர் 1.99 வெள்ளி என்று, ரோன்95 பெட்ரோலுக்குத்தான். ரோன்97 கேட்கும் டர்போ காருக்கு மானியம் கிடையாது, தினமும் ஈப்போ போய்வருகிறவர் பர்ஸில் அது தெரியும்.

ஆக என் வரிசை இப்படி. பிள்ளை தினமும் ஈப்போவுக்கு ஓட்டப் போகிறது, இரவில் திரும்பப் போகிறது என்றால் 2017-க்குப் பிந்தைய மைவி, கடன் போட்டாவது. பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், வைத்துக்கொள்ளட்டும். விடுதியில் தங்கிப் படிக்கிறது, கார் வார இறுதிக்கும் டவுனுக்குள் ஓடவும்தான் என்றால் நியோ சி.பி.எஸ். மேனுவல், மிச்சப் பணம் முழுவதும் டயரிலும் பிரேக்கிலும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நல்லதாக மாட்டினால் நியோவுக்கு மேலே வைப்பேன். ஜி.டி.ஐ. பிற்பாடு. சிரோக்கோ வேண்டாம்.

எதை எடுத்தாலும் பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள், நாங்கள் வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது எக்ஸாஸ்ட்டில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள், கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், வெள்ளத்தில் கிடந்த கார் எத்தனை வாசனைத் திரவம் அடித்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பூ (மேல் வரிகள்) நன்றாக இருக்கிறது என்று காட்டுவார்கள், ரப்பர் கட்டியாகியிருந்தால் மழையில் அது டயரே இல்லை. முன் கண்ணாடி டின்ட் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடி 50 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும், குறைந்தால் கழற்றச் சொல்லி விலையைக் குறையுங்கள். காரின் மேல் சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கிறதா என்பதை விற்பவர் முன்னாலேயே அவர் கைபேசியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோமில் பி5 பரிசோதனை, கடன் என்றால் பி7-உம் சேர்த்து. இன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும் என்று கார்க்கடைத் தவுக்கே (முதலாளி) அவசரப்படுத்தினால், புஸ்பாகோம் முடிவு வந்த பிறகுதான் முழுப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேறு காரும் பார்க்க வேண்டாம்.